வேர்டில் 'டோன்ட் சேவ்' அழுத்திவிட்டேன், ஃபைலைத் திரும்ப எடுக்க முடியுமா?

பெயரே வைக்காத புது டாக்குமெண்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டச்சு செய்துவிட்டு, மூடும்போது வந்த பெட்டியில் அவசரத்தில் 'டோன்ட் சேவ்' அழுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆபீஸில் எல்லாருடைய கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்கிற வேலையில் இருப்பதால் இதே புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். உங்கள் விஷயத்தில் முக்கால்வாசி கிடைத்துவிடும் என்றே நினைக்கிறேன்.

வேர்டைத் திறந்து ஒரு வெற்று டாக்குமெண்டை எடுங்கள். ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமெண்ட், அதற்குள் 'ரெகவர் அன்சேவ்டு டாக்குமெண்ட்ஸ்'. ஒரு ஃபோல்டர் திறக்கும். உள்ளே இருப்பவற்றின் பெயர் 'டாக்குமெண்ட்1', அடைப்புக்குறிக்குள் 'அன்சேவ்டு', பின்னால் நீளமாக ஒரு எண் என்று கன்னாபின்னாவென இருக்கும், கடைசியில் ஏ.எஸ்.டி. என்று முடியும். பெயரைப் பார்த்துக் குழம்பாமல் தேதி, நேரத்தை வைத்துத் தேடுங்கள். திறந்ததும் மேலே ஒரு பட்டையில் 'சேவ் ஆஸ்' தெரியும். படித்துப் பார்ப்பதெல்லாம் அப்புறம், முதலில் அதை அழுத்திப் பெயர் வையுங்கள். அந்த ஃபோல்டரில் இருப்பவை தற்காலிகப் பிரதிகள். சில நாளில் தானாக அழிந்துவிடும். அதனால் இந்த வேலையை நாளைக்குத் தள்ளாதீர்கள்.

முழுசும் கிடைக்கும் என்று ஏன் சொல்லவில்லை என்றால், இந்தப் பிரதியை எடுப்பது 'ஆட்டோரெகவர்'. அது வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறைதான் ஓடும். கடைசியாக ஓடியதற்குப் பிறகு தட்டியது அதில் இருக்காது. திறந்து எட்டு நிமிடத்தில் மூடிய டாக்குமெண்ட் என்றால் ஒன்றுமே இருக்காது. பலர் இதைச் சேவ் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் முறையாகச் சேவ் செய்து மூடியதும் வேர்டே அந்தப் பிரதியை நீக்கிவிடும்.

கரண்ட் போய், அல்லது வேர்டே உறைந்து மூடியிருந்தால் கதை வேறு. அடுத்த முறை திறக்கும்போது இடப்பக்கம் மீட்புப் பட்டியல் வரும். இங்கேதான் நிறைய பேர் சொதப்புகிறார்கள்: இரண்டு பெயர் தெரிகிறதே என்று பயந்து பட்டியலையே மூடிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், ஒவ்வொன்றையும் திறந்து வெவ்வேறு பெயரில் சேவ் செய்துவிட்டு, எது புதியது என்று சாவகாசமாக ஒப்பிடுங்கள்.

இன்னொரு வகை இழப்பு, சேவ் ஆன ஃபைலே பாழாவது. ஆபீஸில் ஒரு தோழி நீண்ட அறிக்கை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். கன்ட்ரோலோடு ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்வு செய்திருந்த நிலையில் கை தவறி ஒரு எழுத்து விழுந்தது. திரையில் மிச்சம் ஒரே ஒரு 'க'. ஃபைல் ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம்) இருந்ததால், திருத்தத்தை உடனுக்குடன் தானாகச் சேமிக்கும் ஆட்டோசேவ் அந்தக் 'க'வையும் பொறுப்பாகச் சேமித்துவிட்டது. அவர் பதறி மூடியும்விட்டார். மூடாமல் இருந்திருந்தால் கன்ட்ரோல், இசட் போதும். சேவ் ஆன பிறகும் அது வேலை செய்யும். மூடியாகிவிட்டதால், ஃபைலைத் திறந்து மேலே அதன் பெயரைக் கிளிக் செய்து 'வெர்ஷன் ஹிஸ்டரி' போனோம். பழைய பிரதி அங்கே அப்படியே இருந்தது. கூகுள் டாக்ஸிலும் இதே பெயரில் இந்த வசதி உண்டு.

மெயிலில் வந்த அட்டாச்மெண்டை நேராகத் திறந்து திருத்தியவர்கள், முதலில் வேர்டின் 'ரீசென்ட்' பட்டியலைப் பாருங்கள். நீங்கள் சேவ் செய்தது ஏதோ ஒரு மறைவான தற்காலிக ஃபோல்டரில் கிடக்கலாம். ஃபோல்டரில் அலைக்குறியும் டாலர் குறியுமாகத் தொடங்கும் குட்டி ஃபைலைக் கண்டு சந்தோஷப்பட வேண்டாம். யார் திறந்து வைத்திருக்கிறார் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும், நீங்கள் எழுதிய எதுவும் இருக்காது.

மீட்பு மென்பொருளை இறக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். ஃபைல் இருந்த அதே டிஸ்க்கில் புதிதாக எதையாவது நிறுவினால், அழிந்த இடத்தின் மேலேயே அது எழுதிவிடலாம். எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க்) என்றால் அழித்த பகுதியைக் கணினியே சுத்தம் செய்துவிடும், அதனால் வாய்ப்பு இன்னும் குறைவு.

இனிமேலுக்கு: முதல் வரி தட்டுவதற்கு முன்பே பெயர் வைத்துச் சேவ் செய்யுங்கள். இது ஒன்றே பாதித் தலைவலியைத் தீர்க்கும். பிறகு ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய் அந்த 10 நிமிடத்தை 2 ஆக்குங்கள். அதன் கீழேயே, சேவ் செய்யாமல் மூடினாலும் கடைசிப் பிரதியை வைத்திரு என்று ஒரு டிக் இருக்கும். அந்த டிக் நீக்கப்பட்டிருந்தால் நான் மேலே முதலில் சொன்ன வழி பலிக்காது. வேர்டுக்குப் பதிலாக இலவச லிப்ரே ஆபீஸைப் பயன்படுத்துகிறவர்கள் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரலில் இதே நேரத்தை மாற்றலாம். 'எப்போதும் பேக்கப் பிரதி எடு' என்பதையும் அங்கேயே டிக் செய்யலாம்.

ஆட்டோசேவ் பட்டன் ஒன்டிரைவ் அல்லது ஷேர்பாயிண்டில் (ஆபீஸ்களுக்கான மைக்ரோசாஃப்டின் பொதுச் சேமிப்பிடம்) இருக்கும் ஃபைலுக்குத்தான் தானாக இயங்கும். இயங்கும்போது ஒரு தொல்லையும் உண்டு. பழைய கடிதத்தைத் திறந்து தேதியும் பெயரும் மாற்றிப் புதுக் கடிதம் ஆக்குகிற பழக்கம் இருந்தால், நீங்கள் 'சேவ் எ காப்பி' போவதற்குள் பழையது மாறிப்போயிருக்கும். முதலில் காப்பி, பிறகு திருத்தம்.

விண்டோஸா மேக்கா என்று நீங்கள் சொல்லவில்லை. மேலே சொன்ன மெனு வழி விண்டோஸுக்கு. மேக் என்றால் உங்கள் யூசர் லைப்ரரிக்குள், வேர்டின் கன்டெய்னருக்குள் 'ஆட்டோரெகவரி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதைப் பாருங்கள். ஃபைல் கண்ணில் பட்டும் திறக்க மறுத்தால் என்ன பிழைச் செய்தி வருகிறது என்று கமெண்டில் போடுங்கள், பார்க்கலாம்.