கராகே ஏன் நமுத்துப் போகிறது?

கேள்வி: டோக்கியோவில் நிஷிகசாய்க்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. மகனுக்குக் கராகே என்ற ஜப்பானியக் கோழிப் பொரியல் என்றால் உயிர். கடையில் வாங்கினால் மொறுமொறுவென்று இருக்கிறது. நான் செய்தால் எண்ணெயிலிருந்து எடுத்த பத்தாவது நிமிஷம் நமுத்துப் போகிறது. போன வாரம் சில துண்டுகள் வெளியே கருத்து, நடுவில் வேகாமலும் இருந்தன. அரைக் கிலோ கோழித் தொடைக்கறியைக் கழுவி, சோயா சாஸ், மிரின் என்ற இனிப்புச் சாறு, இஞ்சி பூண்டு விழுதில் இரவு முழுவதும் ஊற வைத்தேன். காலையில் அதிலேயே ஒரு முட்டையும் மைதாவும் போட்டுப் பிசைந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த கடாயில் இரண்டு ஈடாகப் பொரித்து, ஹாட் பாக்ஸில் மூடி வைத்தேன். எங்கே தவறு? சாக்கே என்ற அரிசி மது சேர்க்கவில்லை, காரணம் அதுதானா? மாமியார் எங்களோடு இருக்கிறார், மது கலந்த எதையும் தொடமாட்டார். பெந்தோவில் (மதியச் சாப்பாட்டுப் பெட்டியில்) வைத்தால் மொறுமொறுப்பு நிற்குமா?

பதில்: சாக்கே சேர்க்காததற்கும் நமுத்துப் போவதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் எழுதியதை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். ஐந்து இடத்தில் ஈரம் உள்ளே வருகிறது: கறியைக் கழுவியது, ஊறிய சாற்றோடு மாவு பிசைந்தது, முட்டை சேர்த்தது, கடாயை நிரப்பியது, கடைசியாக ஹாட் பாக்ஸின் மூடி. மொறுமொறுப்பு என்பது மேல்மாவிலிருந்து தண்ணீர் வெளியேறிய நிலை. வெளியேறிய தண்ணீர் திரும்பி வந்தால் அது போய்விடும். கராகேயில் எந்தச் சந்தேகம் வந்தாலும் இதை வைத்தே யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதலில் கறி. 'தோரி மோமோ நிக்கு' என்று எழுதிய, எலும்பு எடுத்த, தோலோடு இருக்கும் தொடைக்கறியை நீங்கள் வாங்குவது மிகச் சரி. அதை விட்டு 'முனே' எனப்படும் நெஞ்சுக்கறிக்குப் போக வேண்டாம். அதில் கொழுப்பு குறைவு, இரண்டு முறை பொரித்தால் வறண்டுவிடும். தோலையும் எடுக்காதீர்கள். கழுவாமல் கறி சமைப்பது நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு மனசு ஒப்பாத காரியம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் இங்கே கழுவ வேண்டாம். பாக்கெட்டில் வருவது சுத்தம் செய்த கறி. கோழியில் இருக்கக்கூடிய கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் கழுவும்போது சாவதில்லை. சிங்க், பக்கத்தில் இருக்கும் பாத்திரம், காய்கறி என்று தெறித்துப் பரவுகின்றன. கிச்சன் பேப்பரால் இரண்டு பக்கமும் அழுத்தி ஒற்றி எடுங்கள். வாடையைக் கொடுப்பது பெரும்பாலும் மேலே நிற்கும் அந்தச் சிவந்த நீர்தான். ஒற்றியதும் அதுவும் போய்விடும்.

துண்டு ஒன்று 30 முதல் 40 கிராம் இருக்கட்டும். அரைக் கிலோவுக்கு 14 துண்டு வரும். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். சில துண்டுகள் மட்டும் நடுவில் வேகாமல் போனதற்குப் பாதிக் காரணம் அளவு வித்தியாசமாகத்தான் இருக்கும்.

ஊற வைப்பதற்கு அரைக் கிலோ கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ் போதும். ஜப்பானில் ஒரு மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி. சாதாரண கொய்குச்சி சோயா சாஸில் சுமார் 16 சதவீதம் உப்பு இருப்பதால், இந்த அளவிலேயே கறியின் எடையில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் உப்பு ஏறிவிடும். தனியாக உப்பு வேண்டாம். துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, பூண்டு ஒரு பல், கொஞ்சம் மிளகுத்தூள், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர். இஞ்சி பூண்டு விழுதை அள்ளிப் போடாதீர்கள், அது துண்டின் மேல் ஒட்டிக்கொண்டு எண்ணெயில் கருகும். நன்றாகப் பிசைந்து அரை மணி நேரம் விட்டால் போதும். வெயில் காலத்தில் ஃபிரிட்ஜில் வைத்து, பொரிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வெளியே எடுங்கள்.

கராகேக்குப் பேர்போன ஊர் கியூஷூ தீவில் ஓய்தா மாநிலத்தில் உள்ள நகாட்சு. பக்கத்து ஊரான உசா, கராகே மட்டும் விற்கும் கடைகள் பிறந்ததே எங்கள் ஊரில்தான் என்கிறது. அந்தப் பக்கத்துக் கடைகள் பலவற்றில் கறியைப் பல மணி நேரம் ஊற வைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவ்வளவு நேரத்துக்கும் உப்பு ஏறாதபடி அவர்களுடைய சாறு அளந்து சேர்த்தது. வீட்டில் கண்ணளவுக்கு ஊற்றிய சோயா சாஸில் இரவெல்லாம் கிடந்தால் கறி உப்பேறி இறுகிவிடும், நீரும் விட்டுக்கொள்ளும். அங்கே கவனித்துப் பழக வேண்டியது வேறொன்று. ஆர்டர் கொடுத்த பிறகுதான் பல கடைகளில் பொரிக்கவே ஆரம்பிக்கிறார்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் நின்றுதான் வாங்க வேண்டும்.

உங்கள் மாமியார் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். சாக்கேயை விட்டுவிட்டு மிரின் சேர்த்திருக்கிறீர்கள். 'ஹோன் மிரின்' என்று எழுதியிருந்தால் அதில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு, கிட்டத்தட்ட சாக்கே அளவுக்கு. 'மிரின் ஃபூ' என்ற வகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் அதிலும் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. சோயா சாஸ் பலவற்றில் கெடாமலிருக்க ஆல்கஹால் சேர்க்கிறார்கள், லேபிளில் 'அருகோரு' என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து, சேர்க்காததை வாங்குங்கள். நொதிக்க வைத்துச் செய்யும் பொருள் என்பதால் சோயா சாஸில் தானாகவே சிறிதளவு உண்டாகும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், முடிவு அவருடையது. சாக்கே செய்யும் வேலை வாடையைக் குறைப்பதும் கறியை மிருதுவாக்குவதும். அந்த இடத்தில் தண்ணீரோடு ஒரு சிட்டிகை சர்க்கரையும் இன்னும் கொஞ்சம் இஞ்சியும் சேருங்கள். மிரினை நிறுத்துவதால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அதிலுள்ள சர்க்கரைதான் உள்ளே வேகும் முன்பே வெளியே கருக வைத்தது.

சரி, மாவு. மைதாவில் புரதம் இருக்கிறது. ஈரம் பட்டுப் பிசையும்போது அது இழுபடும் பசையாகி, கனமான போர்வை போல ஒட்டிக்கொள்கிறது. அதன் உள்ளிருக்கும் ஈரம் சீக்கிரம் போகாது. முட்டையும் சேர்ந்தால் பஜ்ஜி மாதிரி உப்பி, ஆறியதும் தொளதொளத்துவிடும். ஜப்பானியர்கள் பயன்படுத்தும் கதகுரிகோ சுத்தமான ஸ்டார்ச். முன்காலத்தில் கதகுரி என்ற காட்டுப்பூச் செடியின் கிழங்கிலிருந்து எடுத்தார்கள். பெயர் அப்படியே நிற்க, இப்போது வருவது உருளைக்கிழங்கு ஸ்டார்ச், பெரும்பாலும் ஹொக்கைடோ கிழங்கு. இந்த ஸ்டார்ச் குறைந்த சூட்டிலேயே நீரை இழுத்துக் கூழாகி, அந்த நீர் ஆவியானதும் கண்ணாடி போல மெல்லிய ஓடாக இறுகுகிறது. புரதம் இல்லாததால் அதிகம் சிவக்காது, அங்கங்கே வெள்ளையாகவே நிற்கும். இப்படிச் சிவப்பும் வெள்ளையுமாக வருவதைத் தத்சுதா ஆகே என்பார்கள். நாராவில் ஓடும் தத்சுதா ஆற்றில் சிவந்த மேப்பிள் இலைகள் மிதந்து போவதைப் பழைய கவிஞர்கள் பாடியிருக்கிறார்கள், அதை நினைத்து வைத்த பெயர் என்று சொல்வதுண்டு. சமையலுக்கு இவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

ஊறிய கறியை வடிதட்டில் கொட்டிச் சாற்றை வடித்துவிடுங்கள். பேப்பரால் லேசாக ஒற்றுங்கள். ஒரேயடியாக உலர்த்திவிட வேண்டாம், மாவு பிடிக்கக் கொஞ்சம் பிசுபிசுப்பு தேவை. அகலத் தட்டில் கதகுரிகோவைப் பரப்பி, ஒவ்வொரு துண்டாகப் புரட்டி, தோல் வெளிப்பக்கம் வரும்படி கறியைச் சுற்றி உருட்டினாற்போலப் பிடித்து, அதிகப்படி மாவை உதறுங்கள். உடனே எண்ணெயில் போட வேண்டும். மாவு தடவி வைத்துவிட்டுப் போனில் பேசிவிட்டு வந்தால், கறியின் ஈரம் முழுவதும் மாவுக்கு வந்து பசையாகியிருக்கும்.

இப்போது அடுப்பு. ஊர்க் கடாய் இங்கே உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. ஜப்பானில் 2008 முதல் விற்கும் வீட்டு கேஸ் அடுப்புகளில் ஒவ்வொரு பர்னரின் நடுவிலும் சூட்டை அளக்கும் ஒரு குமிழ் இருக்கும். பாத்திரத்தின் அடி அதில் தட்டையாகப் படிந்தால்தான் சரியாக அளக்கும். உருண்டை அடிக் கடாய் அதில் ஒழுங்காக உட்காராது. அடுப்பு சூட்டைத் தவறாகப் புரிந்துகொண்டு திடீரென்று தீயைக் குறைக்கும், இல்லையென்றால் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்த பிறகும் குறைக்காமல் விட்டுவிடும், இது ஆபத்து. தட்டை அடியுள்ள 20 செ.மீ. பாத்திரத்தில் 3 செ.மீ. ஆழத்துக்கு எண்ணெய் ஊற்றுங்கள், சுமார் 900 மி.லி. பிடிக்கும். பல அடுப்புகளில் பொரிப்பதற்கென்றே 160, 170, 180 டிகிரி என்று பொத்தான் இருக்கிறது. உங்களுடையதில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

எண்ணெயை முதலில் 165 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வெப்பமானி இல்லையென்றால் மாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு விடுங்கள். அடிவரை போய் மெதுவாக மேலே வந்தால் 160 பக்கம். பாதி தூரம் போய்த் திரும்பினால் 170 முதல் 180. உள்ளே இறங்காமல் மேலேயே சிதறினால் சூடு மிஞ்சிவிட்டது. ஒரு தடவைக்கு ஐந்து துண்டுக்கு மேல் போடாதீர்கள். நீங்கள் அரைக் கிலோவை இரண்டு ஈடாகப் போட்டபோது எண்ணெயின் சூடு இறங்கியிருக்கும். சூடு இறங்கினால் ஈரம் வேகமாக ஆவியாகாது, மாவு கறியின் நீரிலேயே வெந்துவிடும். போட்ட முதல் ஒரு நிமிஷம் கரண்டியால் தொடாதீர்கள், மாவு உரிந்துவிடும். அப்புறம் திருப்பி, மொத்தம் மூன்று நிமிஷத்தில் வெளியே எடுங்கள். பார்க்க வெளிறி இருக்கும், பரவாயில்லை.

எடுத்ததைக் கம்பி வலைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, குறைந்தது நான்கு நிமிஷம் விடுங்கள். கராகேயின் பாதி வேலை இந்த நான்கு நிமிஷத்தில் நடக்கிறது. வெளியே இருக்கும் சூடு மெதுவாக நடுவுக்குப் போய்க் கறியை வேக வைக்கிறது. அதே நேரம் உள்ளிருக்கும் ஈரம் மேல்மாவுக்கு வருகிறது. உங்கள் கராகே ஹாட் பாக்ஸில் நமுத்துப் போனதும் இதே காரணத்தால்தான். இங்கே அந்த ஈரத்தை நாமே வேண்டுமென்று வரவிட்டு, இரண்டாவது பொரிப்பில் விரட்டுகிறோம். மூன்று ஈட்டையும் இப்படி எடுத்து முடிப்பதற்குள் முதல் ஈடு நன்றாக ஆறியிருக்கும்.

எண்ணெயை 190 டிகிரிக்கு ஏற்றி ஒரு நிமிஷம், அதிகபட்சம் ஒன்றரை நிமிஷம். அடுப்பு அந்தச் சூட்டுக்கு முன்பே தீயைக் குறைத்துவிட்டால் 180-இல் இன்னும் அரை நிமிஷம் கூட்டிக்கொள்ளுங்கள். இதற்குக் காதையும் கொடுங்கள். முதலில் பெரிய குமிழிகளோடு கனத்த சத்தம் வரும். ஈரம் போகப் போகக் குமிழி சிறுத்து, சத்தம் மெல்லியதாக, காய்ந்த சடசடப்பாக மாறும். ஜப்பானியர்கள் அதைப் 'பிச்சி பிச்சி' என்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் எடுத்துவிடுங்கள். இடையிடையே ஜல்லிக் கரண்டியால் தூக்கிக் காற்று படவிட்டு மறுபடி இறக்கினால் இன்னும் நன்றாக வரும்.

வெந்ததா என்ற சந்தேகத்தை மட்டும் ஊகத்துக்கு விடாதீர்கள், குழந்தை சாப்பிடுவது. நடுவில் 75 டிகிரி ஒரு நிமிஷமாவது இருக்க வேண்டும் என்பது இங்கே சுகாதார அமைச்சகம் சொல்லும் அளவு. வெப்பமானி இல்லையென்றால் இருப்பதிலேயே பெரிய துண்டை வெட்டிப் பாருங்கள். கறி வெளுத்து, சாறு தெளிவாக வர வேண்டும்.

பொரித்ததை மூடாதீர்கள். ஹாட் பாக்ஸ் இட்லிக்குத்தான் சரி. வலைத்தட்டிலேயே வைத்து, எலுமிச்சைத் துண்டையும் மயோனைஸையும் பக்கத்தில் வையுங்கள். எலுமிச்சையை எல்லாவற்றின் மேலும் மொத்தமாகப் பிழிந்துவிட்டால் மறுபடி ஈரம்தான், அவரவர் கடிக்கும் முன் பிழிந்துகொள்ளட்டும். காரம் வேண்டுமென்றால் 'ஷிச்சிமி தோகராஷி' பொடியை மேலே தூவுங்கள். மிளகாய்த்தூளை மாவில் கலந்தால் 190 டிகிரியில் கருகும்.

பெந்தோவைப் பொறுத்தவரை, மதியம் வரை மொறுமொறுப்பு நிற்காது. விற்கும் பெந்தோவிலும் அது மிருதுவாகத்தான் இருக்கும். ஆறியும் ருசிக்க வேண்டுமானால் அன்றைக்கு மட்டும் கதகுரிகோ பாதி, மைதா பாதி கலந்து தடவுங்கள். மைதா சோயாவின் சுவையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆறினாலும் வறட்டென்று இருக்காது. முழுவதும் ஆறிய பிறகே பெட்டியை மூட வேண்டும். சூட்டோடு மூடினால் நமுப்பது மட்டுமல்ல, கெட்டுப் போகவும் வாய்ப்பு உண்டு. மிஞ்சியதைச் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், ஓவன் டோஸ்டரில் நான்கைந்து நிமிஷம் வையுங்கள்.

ஊருக்குப் போய் இதைச் செய்ய ஆசைப்பட்டால் மாவு வாங்கும்போது மட்டும் கவனம். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் கிடைக்காவிட்டால் வெள்ளை வெளேரென்று, தொட்டால் கீச்சென்று வழுக்கும் கார்ன்ஃப்ளார் கேளுங்கள். 'சோள மாவு' என்று கேட்டால் சில கடைகளில் வெள்ளைச்சோளத்தை அரைத்த மாவைக் கொடுப்பார்கள், சிலர் மஞ்சள் மக்காச்சோள மாவைக் கொடுப்பார்கள். இரண்டிலுமே கராகே வராது. கார்ன்ஃப்ளாரோடு நான்கில் ஒரு பங்கு அரிசி மாவு கலந்துகொண்டால் ஓடு கொஞ்சம் கடினமாக வரும், ஆனால் நீண்ட நேரம் நிற்கும்.