கேள்வி – பதில்: காரில் கூடாரம், காலில் மலை

கேள்வி: டிசம்பர் கடைசியில் மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறது. கூடாரத்தையும் சிறிய எரிவாயு அடுப்பையும் காரில் ஏற்றிக்கொண்டு அமிர்தி, ஜவ்வாது மலை, ஏலகிரி, ஜலகாம்பாறை ஆகிய நான்கையும் பார்த்துவர எண்ணுகிறோம். அவசரமில்லாமல் நிறைய நடக்கவும் ஆசை. எந்த வழியாகப் போகலாம்?
– வாசகி, காட்பாடி

பதில்: நான்கு இடங்கள் வேண்டுமென்றால் அவசரப்பட்டுத்தான் ஆக வேண்டும். பழைய வட ஆற்காட்டு மலைகள் எல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று பார்த்துவிடலாம் போலத் தோன்றும். அப்படிப் போனவர்கள் பார்த்தது பெரும்பாலும் சாலையைத்தான். ஏலகிரியை வேறொரு விடுமுறைக்கு ஒத்திவைத்துவிட்டு, ஜவ்வாது மலைக்கு மட்டும் போய் வாருங்கள்.

வேலூரிலிருந்து வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறி, திரும்பும்போது போளூர் பக்கம் இறங்கிக் கண்ணமங்கலம் வழியாக வீடு சேர்ந்தால் மொத்தம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான் ஆகும். புறப்படும் நாள் சனிக்கிழமையாக அமைந்தால் நல்லது. காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்குதான் இருக்கிறது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பது 1977-இல் தெரியவந்தபோது, அதற்கான அவதானிப்புகளில் காவலூரில் எடுத்தவையும் இருந்தன. வானம் மூடியிருந்தால் ஏமாற்றம்தான். அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு இரவும் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில் ஒரே இடத்திலேயே தங்குங்கள். நாளுக்கொரு இடத்தில் கூடாரம் அடித்தால் பிரிப்பதிலும் கட்டுவதிலுமே பாதிக் காலை போய்விடும். மார்கழிப் பனியில் மேல்துணி விடியும்போது சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்; அதை அப்படியே சுருட்டிக் காரில் போட்டால் மாலையில் விரிக்கும்போது புழுங்கல் வாடை அடிக்கும். வெயில் ஏறும்வரை காயவிட்டுவிட்டு நடக்கப் போவதே சரியான ஏற்பாடு. தரையில் தடித்த தார்ப்பாய் ஒன்றை விரித்து, அதன் ஓரங்கள் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்காதபடி உள்ளே மடித்துவிடுங்கள்; நீட்டிக்கொண்டிருந்தால் பனிநீர் அதில் இறங்கிப் படுக்கைக்கு அடியில் தேங்கும்.

நடப்பதற்குப் பீமன் அருவியும் கோமுட்டேரிக் கரையும் உண்டு. என் விருப்பம் என்னவோ ஊர்களுக்கு இடையே போகும் சிறு சாலைகள்தான். சாமை அறுவடை முடிந்த கொல்லைகளின் ஓரமாக, எதிரே வருகிறவர்களிடம் வழி கேட்டுக்கொண்டே போகலாம். சாமை அரிசியும் தேனும் வாங்க விரும்பினால் அங்கேயே வாங்குங்கள். போளூர்ப் பக்கம் இறங்கும்போது வண்டியைக் கீழ் கியரிலேயே விடுங்கள். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் குறையும்.

கேள்வி: காட்டுக்குள் பிடித்த இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கலாமா? நெருப்பு மூட்டலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: இரண்டும் கூடாது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு விதிகள் இன்னும் இறுகியுள்ளன. தனியார் நிலத்தில் உரிமையாளரின் ஒப்புதலோடும், முகாம் நடத்த அனுமதி பெற்ற இடங்களிலும் தங்கலாம். காட்டுவழியில் நடக்க விரும்பினால், 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 வழித்தடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வழிகாட்டியுடன் செல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு. ஏலகிரிக்கு அழைத்துப் போனால் அவரால் நடக்க முடியுமா?
– வாசகர், இராணிப்பேட்டை

பதில்: 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கார் ஏறிவிடும், தலைசுற்றல் வராதிருக்க அப்பாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். ஏலகிரியிலேயே உள்ள சுவாமிமலை உச்சிக்கு ஏறுவது அவருக்கு வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே அதிகச் சிரமம். புங்கனூர் ஏரியைச் சுற்றியுள்ள நடைபாதை சமதளமானது. கூட்டம் சேர்வதற்கு முன், காலை வேளையில், அவர் போக்கிலேயே நடக்க விடுங்கள்.