மதர்போர்டு மாற்றியும் ஓடாத கம்ப்யூட்டர்: கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வீட்டிலேயே டி.டி.பி. வேலை செய்து பிழைக்கிறேன். ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. பட்டனை அழுத்தினால் ஃபேன்கூடச் சுற்றவில்லை. 'மதர்போர்டு (எல்லா பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) போச்சு' என்று சொல்லி 7,800 ரூபாய் வாங்கிக்கொண்டு கடைக்காரர் மாற்றினார். ஐந்தாம் நாள் மறுபடி அதே நிலை. இப்போது எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பாகம்) போய்விட்டதாம், இன்னும் 2,400 ரூபாய் கேட்கிறார். அதைக் கொடுக்காமல் சி.பி.யு. பெட்டியைத் தர மாட்டேன் என்கிறார். பில் தரவில்லை. பழைய போர்டைக் குப்பையில் போட்டுவிட்டாராம். தொழிலுக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு நுகர்வோர் வழக்கு போட முடியாது என்கிறார் ஒரு நண்பர். நான் என்ன செய்வது?

பதில்: நண்பர் சொன்னதை முதலில் தள்ளி வையுங்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கும் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் வராது என்பது உண்மைதான். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் ஒருவர் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. நீங்களே உட்கார்ந்து தட்டச்சு செய்து சம்பாதிக்கிறீர்கள், எனவே நீங்கள் நுகர்வோர்தான். இதை நுகர்வோர் ஆணையத்தில் போடும் மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள்.

அடுத்து, உங்கள் வழக்கின் உயிர்நாடி. கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பழுதான எஸ்.எம்.பி.எஸ். தாறுமாறான மின்னழுத்தத்தைக் கொடுத்து மதர்போர்டையே எரித்துவிடும். இரண்டும் போயிருக்கலாம். ஆனால் ஃபேன்கூடச் சுற்றாத பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்.தான். நல்ல நிலையில் உள்ள வேறொன்றைச் செருகிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் போர்டை மாற்றியதும், சந்தேகமான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேயே புது போர்டைப் பொருத்தியதும் கவனக்குறைவு. சட்டம் இதைச் 'சேவைக் குறைபாடு' என்கிறது. பில் தராதது தனியாக ஒரு நியாயமற்ற வணிக நடைமுறை. எனவே ஆணையத்தில் கேட்க வேண்டிய கேள்வி, "போர்டை மாற்றும் முன் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதித்தீர்களா?" என்பதே.

பழைய போர்டு உங்கள் சொத்து. உங்களைக் கேட்காமல் தூக்கிப்போட அவருக்கு உரிமை இல்லை. அது பழுதாகித்தான் இருந்ததா என்று இனி யாரும் சோதித்துப் பார்க்க முடியாதபடி செய்ததும் அவர்தான். இதையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.

சரி, சி.பி.யு.வைப் பிடித்து வைக்கலாமா? ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170-இன்படி, செய்து முடித்த வேலைக்கான கூலி வரும்வரை பழுது பார்ப்பவர் பொருளைத் தராமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் செய்த வேலைக்கு நீங்கள் பணம் கொடுத்துவிட்டீர்கள். 2,400 ரூபாய் இனிமேல் செய்யப்போகும் வேலைக்கு. அதற்காகப் பெட்டியைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. "எனக்கு அந்த வேலை வேண்டாம், பெட்டியைத் திருப்பித் தாருங்கள்" என்று இன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். நேரில் சண்டை போட வேண்டாம்.

பெட்டி கைக்கு வந்ததும் ராம், ஹார்டு டிஸ்க், போர்டு எல்லாவற்றின் சீரியல் எண்களையும் கடையிலேயே போட்டோ எடுங்கள். வேறொரு டெக்னீஷியனிடம் காட்டி, எது பழுது, எப்படிக் கண்டுபிடித்தார் என்று கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். அதுவரை எதையும் மாற்ற வேண்டாம். மாற்றிவிட்டால் சாட்சி கலைந்துவிடும். பில் இல்லையே என்று கவலை வேண்டாம். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பிய பதிவும் அவருடன் நடந்த உரையாடலும் போதுமான ஆதாரம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், தொகையைக் குறிப்பிட்டு ஒரு செய்தி அனுப்பி, அவர் பதிலில் ஒப்புக்கொள்கிறாரா பாருங்கள்.

அப்புறம் 7,800 ரூபாயையும், வேலை நின்ற நாட்களின் இழப்பையும் கேட்டு, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் பல கடைகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம்.

எதற்கும் மசியவில்லை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் பெட்டியில் எது பழுது என்று சொல்லும் டெக்னீஷியனின் அறிக்கையை இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.