சஸ்பென்ஸ், பேய்க்கதை, காதல் கதைன்னா ஏன் கீழ வைக்கவே முடியல?

"க்ரைம் நாவல் கைல எடுத்தா ராத்திரி ரெண்டு மணி ஆகுது, ஏன்?"னு கேட்டிருக்கீங்க. மர்மம்னா ஏதோ ஒன்ன மறைச்சு வைக்கிறதுன்னு நாம நினைக்கிறோம், ஆனா சஸ்பென்ஸ்ல பாதி விஷயத்த நமக்கு முன்னாடியே சொல்லிடுவாங்க. த்ரில்லர் பட டைரக்டர் ஹிட்ச்காக் இத அழகா சொல்லியிருப்பாரு, மேஜைக்கு அடியில இருக்கிற குண்டு திடீர்னு வெடிச்சா 15 செகண்ட் அதிர்ச்சி, அவ்ளோதான், ஆனா குண்டு இருக்குன்னு நமக்கு மட்டும் தெரிஞ்சு, அங்க உக்காந்திருக்கிறவங்க ஊர்க்கதை பேசிட்டு இருந்தா 15 நிமிஷம் நாம தவிச்சுப்போயிடுவோம். எனக்கு இதுக்கு மேல நல்ல விளக்கம் கிடைச்சதில்ல.

அப்புறம் "தொடரும்". வாரப்பத்திரிகை தொடர்கதை படிச்சு வளந்தவங்களுக்கு அந்த வார்த்தை மேல வர்ற கோவம் நல்லாவே தெரியும், அடுத்த இதழ் வர்ற வரைக்கும் மனசு அதுலயே நிக்கும். ப்ளூமா ஸைகார்னிக்னு ஒரு உளவியலாளர் 1927லயே எழுதினாங்க, பாதியில நிறுத்தின வேலைதான் முடிச்ச வேலைய விட அதிகமா ஞாபகம் இருக்குன்னு.

பேய்க்கதைல நெஞ்சு படபடன்னு அடிக்கிறது நிஜம், ஆபத்து மட்டும்தான் இல்ல, போர்வைக்குள்ள பத்திரமா இருக்கோம்ல.

காதல் கதை நேர் எதிர், கடைசில சேந்துடுவாங்கன்னு முதல் பக்கத்துலயே தெரியும், ஆனா எங்க அம்மா அடுப்படில நின்னுட்டே மாத நாவல் படிப்பாங்க, "முடிவு தெரிஞ்சதாலதான்டா நிம்மதியா அழ முடியுது"ம்பாங்க.