மூன்று பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே தமிழும் தேவாரமும்: பணம் தாங்குமா?

கேள்வி: நான் எம்.ஏ. தமிழ் படித்தவள், வயது 38. தனியார் பள்ளி ஒன்றில் 18,000 ரூபாய் சம்பளத்தில் தமிழாசிரியையாக இருந்தேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிறேன். மூத்தவளுக்கு 12 வயது, பையனுக்கு 9, கடைக்குட்டிப் பெண்ணுக்கு 6. குறள், நன்னூல், சிலம்பு எல்லாம் நானே சொல்லிக் கொடுக்கிறேன். தேவாரப் பண்ணிசைக்கு ஓதுவார் ஒருவர், சமஸ்கிருதத்துக்கு ஒருவர், மூத்தவளின் கணக்குக்கு ஒருவர் என மாதம் 8,500 ரூபாய் ஆகிறது. கணவருக்கு வயது 42, தனியார் நிறுவனத்தில் கணக்காளர், கைக்கு வருவது 62,000. சொந்த வீடு. போன வருடம் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. 12 பவுன் நகையை வங்கியில் வைத்து 2.8 லட்சம் வாங்கினோம், 9 சதவீத வட்டி. அவர் மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் மாதம் 9,000. வீட்டுச் செலவு 27,000, வண்டி இ.எம்.ஐ. 3,400. மூத்தவள் பெயரில் 15 வருட சைல்டு பாலிசி ஒன்று, வருடம் 60,000 பிரீமியம், காப்புத்தொகை 9 லட்சம், நான்கு வருடம் கட்டியிருக்கிறோம். கடைசிப் பெண்ணுக்கும் ஒன்று போடச் சொல்கிறார் ஏஜென்ட். உறவினர்களோ, மூன்று பேரையும் பள்ளியில் சேர்த்துவிட்டு என்னை வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். தனியார் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வருடம் 70,000 ஆகும். என்ன செய்வது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உறவினர்கள் சொல்லும் யோசனையை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் வேலைக்குப் போனால் ஆண்டுக்கு 2,16,000 வரும். மூன்று பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 2,10,000. மிஞ்சுவது 6,000. வேன் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகத்துக்கே அது போதாது. இப்போது ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் 8,500 மிச்சமாகுமே என்பார்கள். பகல் முழுக்க மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அந்தப் பணம் அதற்கே போய்விடும். பணத்தைக் காரணம் காட்டி உங்கள் வீட்டுப் பாடசாலையை மூடச் சொல்ல யாருக்கும் இடமில்லை. நான் சொல்லமாட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த விஷயம் வேறு. வீட்டில் ஆறு பேர், சம்பாதிப்பவர் ஒருவர். அவருக்கு டேர்ம் இன்சூரன்ஸ் (அவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தரும் காப்பீடு) இருப்பதாக நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் ஊர்க் கல்லூரியில் 1880-இலிருந்து தமிழ் கற்பித்த உ.வே.சாமிநாதையரின் இளமைக்காலம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கும் ஊராகத் தேடித் தகப்பனார் குடும்பத்தோடு இடம் மாறினார். போன ஊர்க்காரர்கள் ஆதரித்தார்கள், பிறகு திருவாவடுதுறை ஆதீனம் தாங்கியது. அந்தப் படிப்பு நின்றுவிடாமல் இருக்க யாரோ ஒருவர் சோறு போட்டார்கள். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது கணவரின் சம்பளம் ஒன்றுதான். அதற்குப் பாதுகாப்பு செய்த பிறகுதான் மற்ற எல்லாம்.

அவர் பெயரில் 60 வயது வரைக்கும் 1 கோடிக்கு டேர்ம் பாலிசி எடுங்கள். அந்தத் தொகை 6.5 சதவீத வட்டியில் மாதம் சுமார் 54,000 தரும். இன்றைய செலவை ஓட்ட அது போதும். புகைப்பழக்கமோ சர்க்கரை நோயோ இல்லையென்றால் பிரீமியம் ஆண்டுக்கு 20,000-ஐ ஒட்டி இருக்கும். இருந்தால் மறைக்கவே கூடாது. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது என்பது நல்ல விஷயம். கூடவே நீங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து 10 லட்சத்துக்கு ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர், அதாவது குடும்பத்துக்குப் பொதுவான மருத்துவக் காப்பீடு. அலுவலக மெடிக்கல் பாலிசி இருந்தால்கூட வேலையோடு போய்விடும். இரண்டும் சேர்ந்து மாதம் 4,000 என்று வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு இப்போது வருமானம் இல்லாததால் பெரிய டேர்ம் பாலிசி கிடைப்பது சிரமம். அதனால் வங்கியிலேயே ஆண்டுக்கு 436 ரூபாயில் கிடைக்கும் 2 லட்சம் ஆயுள் காப்பீட்டையும், 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டையும் இருவரும் எடுத்துவிடுங்கள். கணவரின் பி.எஃப். கணக்கில் நாமினி யார் என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். திருமணத்துக்கு முன் தாயார் பெயரைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டவர்கள் நிறையப் பேர். பி.எஃப்.புடன் சேர்ந்தே வரும் காப்பீட்டுத் தொகை 7 லட்சம் வரை உண்டு.

இதற்குப் பணம் எங்கே? சைல்டு பாலிசியில் இருக்கிறது. மாதம் 5,000 அதற்குப் போகிறது. கணவருக்கு ஏதாவது ஆனால் அது தருவது 9 லட்சம், கூடவே மீதிப் பிரீமியத் தள்ளுபடி. மூன்று பிள்ளைகளுக்கு அது எந்த மூலைக்கு? இப்போது சரண்டர் செய்தால், அதாவது பாலிசியை முறித்துப் பணம் கேட்டால், கட்டியதில் ஒரு பகுதிதான் திரும்பும். எனவே பெய்ட்-அப் ஆக்குவது மேல். பிரீமியம் கட்டுவதை நிறுத்துவீர்கள், 15-இல் 4 பங்கு, அதாவது 2,40,000 ரூபாய் காப்புத்தொகையாக நிற்கும். இதுவரை சேர்ந்த போனஸோடு முதிர்வில் வாங்கிக்கொள்ளலாம். ஏஜென்டிடம் கேட்காமல் கிளை அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, சரண்டர் மதிப்பு, பெய்ட்-அப் மதிப்பு இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். புது டேர்ம் பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த பிறகே பழைய பிரீமியத்தை நிறுத்த வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் ஏதாவது தெரிந்து அது கிடைக்காமல் போனால், இருப்பதும் இல்லாமல் போகக் கூடாது.

இன்னொரு பாலிசி போட்டால் வரி மிச்சம் என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். 2025-26 முதல் புதிய வரி முறையில், சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. வரியே கட்டாதவருக்கு அதில் என்ன மிச்சம்? ஆகவே கடைசிப் பெண்ணுக்குப் பாலிசி வேண்டாம். அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும் என்பதால் மூத்தவளுக்கு வழியில்லை, சின்னவளுக்கு இருக்கிறது. ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும். வட்டி இப்போது 8.2 சதவீதம். அவளுக்கு 18 வயது ஆனதும் மேற்படிப்புக்குப் பாதித் தொகை வரை எடுக்கலாம். இப்போது மாதம் 500 போதும், வண்டிக் கடன் முடிந்ததும் 2,000 ஆக்குங்கள்.

நகை விஷயத்தில் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஒவ்வொரு ஆண்டும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்தால் 25,200 ரூபாய் போகும், அசல் அப்படியே நிற்கும். இன்றைய தங்க விலையில் மூன்று, நான்கு பவுன் விற்றாலே கடன் மொத்தமும் அடைந்துவிடும், மீதி எட்டு பவுன் வீட்டுக்கு வரும். தாலிக்கொடியையும் அம்மா போட்ட நகையையும் தொட வேண்டாம். கல் வைத்தது, உடைந்தது, போடாமலே கிடப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். விற்ற ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பெண்ணுக்குச் சேர்த்த நகையாயிற்றே என்று தயங்குவீர்கள். அவளுக்காகத்தான் விற்கிறீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பாடசாலையில் பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு உங்கள் நேரம். பையனுக்கு எழுத்தியல் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாமனார் கூப்பிடுவார். போய் அவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வருவதற்குள் சின்னவள் எழுந்து போயிருப்பாள். காலையில் நான்கு மணி நேரம் அவரைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் ஒரு ஆள் வையுங்கள். மாதம் 5,000 ஆனாலும் பரவாயில்லை. இப்போது எல்லாச் செலவும் போக மாதம் மிஞ்சும் 7,000, பாலிசியின் 5,000, நகை வட்டி 2,100 எல்லாம் சேர்ந்து 14,100. காப்பீடுகளுக்கு 4,000, இந்த ஆளுக்கு 5,000, செல்வமகளுக்கு 500 போக 4,600 நிற்கும். அதைத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டு, ஒன்றரை லட்சம் சேரும் வரை தொடாதீர்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நகையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்காது. அது சேர்ந்த பிறகு அதே பணம் மூத்தவளின் கல்லூரிக்கு.

ஓதுவாரின் சம்பளத்தைக் குறைக்கவே வேண்டாம். அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும், பண்களை நேரில் கேட்டுத்தான் பிடிக்க முடியும். கணக்கு ஆசிரியரும் இருக்கட்டும். நெருக்கினால் சின்னவர்கள் இருவருக்கும் சமஸ்கிருதத்தை இரண்டு ஆண்டு தள்ளிப் போடலாம், மூத்தவள் தொடரட்டும். புத்தகத்துக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டம் என்ற இணையதளத்திலும் மூல நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

சான்றிதழுக்கு வருவோம். மூத்தவளுக்கு 14 வயதானதும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தமிழ், சமஸ்கிருதம், கர்நாடக இசை மூன்றுமே அங்கே பாடங்கள், அவள் இப்போது படிப்பதே மதிப்பெண்ணாகும். ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுதலாம். நோயாளி இருக்கும் வீட்டுக்கு அந்த அவகாசம் பெரிய உதவி.

பையனைப் பற்றி மட்டும் அடுத்த இரண்டு ஆண்டுக்குள் முடிவெடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரியில் சேர்ந்தால் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இவை கிடைக்காது. மூத்தவள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள், கீழே உள்ள இருவருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. பகலில் அரசுப் பள்ளி, காலையும் மாலையும் உங்களிடம் நன்னூலும் ஓதுவாரிடம் தேவாரமும் என்றால் உங்கள் நோக்கம் கெட்டுவிடாது. பையனுக்குப் பொறியியலில் நாட்டம் தெரிந்தால் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். இசையிலும் தமிழிலுமே அவன் மனம் நின்றால் வீடே போதும்.

கடைசியாக, மூன்று பேரின் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளுக்கு எங்கே போனாலும் கேட்கப்போவது அந்த இரண்டு தாள்களைத்தான்.