மணி ஒலிக்கும் மண்டபம் அமைதியாகத் தோன்றுவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நகர நடுவிலுள்ள வழிபாட்டிடம். உள்ளே ஒலிக்கும் மணியும் கூட்டுப் பாடலும் வாசலில் கேட்கும் வாகன இரைச்சலைவிடச் சத்தம் அதிகம். ஆனாலும் உள்ளே நிம்மதி, வெளியே எரிச்சல். காது ஏமாற்றுகிறதா?

பதில்: இல்லை. ஒலிமானி காற்றழுத்த மாற்றத்தை மட்டுமே அளக்கிறது. மனமோ, ‘இது என்ன ஒலி, இங்கே இருக்க வேண்டியதுதானா, எதிர்பார்த்து வந்ததா’ என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறது. மணி அடிக்கும் என்று தெரிந்து வந்தவருக்கு 80 டெசிபெல்லும் இதமாக இருக்கலாம்; கண்மூடி அமர்ந்தவரை 55 டெசிபெல் ஹாரன் கலைத்துவிடும். பக்கத்து வீட்டில் உறங்குபவருக்கு அதே மணி தொல்லை. பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2014-இல் வெளியிட்ட 12913-1 தரநிலையும், ‘ஒலிச்சூழல்’ என்பதை மக்கள் உணர்ந்து, அனுபவித்து, புரிந்துகொள்ளும் ஒன்றாகவே வரையறுக்கிறது.

கேள்வி: எங்கள் இடத்தில் மக்கள் ஒலியை எப்படி உணர்கிறார்கள் என்று முறையாக அறிய என்ன செய்யலாம்?

பதில்: ஒலிநடை நடத்துங்கள். வாசல், முற்றம், மண்டபம், ஒதுங்கிய மூலை என ஐந்தாறு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறு குழுவாகச் சென்று, ஒவ்வோர் இடத்திலும் 3 நிமிடம் பேசாமல் நின்று கேட்க வேண்டும். உடனே அங்கேயே படிவம் நிரப்ப வேண்டும். வெளியேறும்போது மொத்தமாகக் கேட்டால் கடைசி இடத்தின் நினைவே எல்லாப் பதிலிலும் படிந்துவிடும்.

படிவத்தில் முதலில் எந்த ஒலி எவ்வளவு கேட்டது என்ற கேள்வி: வாகனம், இதர இரைச்சல், மனிதர், இயற்கை. இவற்றோடு ‘வழிபாட்டு ஒலி’ என்று ஐந்தாவதையும் சேருங்கள். இல்லையென்றால் பாடலும் அரட்டையும் ஒரே கணக்கில் விழும். அடுத்து இனிமை, எரிச்சல், அமைதி, குழப்பம், உயிர்ப்பு, சலிப்பு, பரபரப்பு, அசைவின்மை ஆகிய எட்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அதே நிமிடங்களில், சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் ஒலிமானி ஓடட்டும். சராசரி மட்டத்தோடு, 90 சதவீத நேரம் தாண்டப்படும் பின்னணி மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவுத்திருத்தம் செய்யாத கைப்பேசிச் செயலியை நம்பாதீர்கள்.

வழிபாட்டு நேரத்தையும் மற்ற நேரத்தையும் கலந்து சராசரி எடுப்பதுதான் பெரிய தவறு. முன்னது ‘உயிர்ப்பு’ பக்கமும் பின்னது ‘அமைதி’ பக்கமும் விழலாம். இரண்டும் நல்ல நிலையே. சராசரியோ எதையும் சொல்லாது. பக்தர்களை மட்டும் அழைப்பதும் போதாது. வழிப்போக்கரும் அண்டை வீட்டாரும் வரட்டும்.

கேள்வி: நீரூற்று வைத்தால் சாலை இரைச்சல் மறையுமா?

பதில்: ஓரளவு. வாகனங்களின் அடித்தொனி உறுமலை நீரொலி முழுதாக மூடாது; கவனத்தைத் திருப்பும். ஊற்றைச் சாலையோரம் வைக்காமல், மக்கள் அமரும் இடத்தருகே வையுங்கள். அதைச் சாலையைவிடச் சத்தமாக்கினால் அதுவே இன்னோர் இரைச்சல்.

கேள்வி: ஒலிபெருக்கியைக் கூட்டக் கூட்ட உரை புரியாமல் போகிறதே?

பதில்: எதிர்முழக்கம்தான் காரணம்; அதாவது, ஒலி நின்ற பிறகும் சுவர்களில் பட்டுத் திரும்பி நீடிக்கும் முழக்கம். அது அடங்க ஆகும் எதிர்முழக்க நேரம் = 0.161 × கன அளவு ÷ உறிஞ்சும் பரப்பு (சுவர், தரை, மக்கள் எல்லாம் சேர்ந்து ஒலியை உறிஞ்சும் அளவு). 3,000 கன மீட்டர் மண்டபத்தில் உறிஞ்சும் பரப்பு 150 சதுர மீட்டர் என்றால் சுமார் 3.2 விநாடி. ஓர் அசையின் வால் அடுத்த அசைகளை மூடிவிடும். ஒலியைக் கூட்டினால் வாலும் அதே அளவு கூடும். 100 பேர் அமர்ந்தால், ஆளுக்குச் சுமார் 0.5 சதுர மீட்டர் சேர்ந்து 2.4 விநாடியாகக் குறையும். எனவே காலி மண்டபத்தில் சோதித்து முடிவெடுக்காதீர்கள்.

பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றுக்குப் பதில், கேட்பவருக்கு அருகில் குறைந்த ஒலியில் பல நெடும்பெட்டிகள் (தூண்போல் நீண்ட ஒலிபெருக்கிகள்) நல்லது. இரு பெட்டிகளின் ஒலி வந்துசேரும் தூரத்தில் 17 மீட்டர் வித்தியாசம் இருந்தால் 50 மில்லிவிநாடி தாமதம். சொல் இரட்டையாகக் கேட்கும். பின்வரிசைப் பெட்டிக்கு மின்னணுத் தாமதம் கொடுங்கள். கம்பளம் மேல்தொனியைத்தான் அதிகம் உறிஞ்சும், அடித்தொனி அப்படியே நிற்கும். உரைக்கு 1 விநாடியை ஒட்டிய எதிர்முழக்கம் உகந்தது; ஆனால் அந்த அளவுக்கு முழக்கத்தைக் குறைத்துவிட்டால் கூட்டுப் பாடல் உயிரிழக்கும். ஆகவே ஒலி உறிஞ்சும் பொருளால் சுவரை மூடுவதற்கு முன் ஒலிபெருக்கிகளைச் சரிசெய்து பாருங்கள்.