கடலூர் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் மாலை எழுத்தறிவு வகுப்புக்கு வராததற்கு என்ன செய்யலாம்

வகுப்பைப் பணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். காலை வேலை முடிந்து வார்டு அலுவலகத்துக்கு வரும்போது அரை மணி நேரம் போதும். நோட்டீஸ் வேண்டாம், மேஸ்திரி நேரில் கூப்பிடட்டும்.

விடியுமுன் தெருவில் இறங்கும் பெண்கள் சாயங்காலச் சமையலை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? கூச்சமும் உண்டு. அதனால் அரிச்சுவடியில் தொடங்காதீர்கள். சம்பளச் சீட்டில் தன் பெயர், பிடித்தம், பி.எஃப். தொகை எங்கே என்று காட்டுங்கள். அது அவர்களுடைய பணம், கட்டாயம் உட்காருவார்கள்.

ஒரு வார்டில் மட்டும் இரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். அப்புறமும் வராவிட்டால் சிக்கல் நேரத்தில் இல்லை.

பாடப் புத்தகத்துக்கு, 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தைக் கேளுங்கள்.

ஒப்பந்தப் பணியாளர்கள் என்றால், அந்த அரை மணிக்குக் கூலி பிடிக்கமாட்டோம் என்று ஒப்பந்ததாரரிடம் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.